ஒப்புப் புடவை

1

இந்த ஊரில் தபால்காரர் மணி அடிக்க மாட்டார். பார்சலை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, ஜன்னலில் ஆள் தெரிந்தால் ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறேன். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரலில் ஒரு காலை, தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, அந்த முதுகு திரும்பிப் போனதும் கதவைத் திறந்தேன். ஊரிலிருந்து தாணு அண்ணன் அனுப்பிய பார்சல்.

பிரித்ததும் முதலில் வந்தது வாசனை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையின் வாசனை. எங்கள் வீட்டிலிருந்து எது புறப்பட்டாலும், கல்யாணப் பத்திரிகையோ ஊறுகாய் பாட்டிலோ, அந்த வாசனையும் கூடவே ஏறிக்கொண்டு வந்துவிடும். குலசேகரத்துக்குப் பக்கத்தில், மலை தொடங்கும் இடத்தில் வீடு. வீட்டைச் சுற்றி அப்பா வைத்த ரப்பர்த் தோட்டம். கண்ணை மூடிக்கொண்டு ஹாலில் நின்றேன். வெளியே பெய்வது எந்த ஊர் மழை என்று சற்றுநேரம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

உள்ளே நேந்திரங்காய் வற்றல் இரண்டு பாக்கெட். அதற்கடியில் கிளிப்பச்சையில் ஒரு பட்டுப் புடவை, அரக்குக் கரை. அதற்கும் அடியில், நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள், தட்டச்சு செய்த நாலு பக்கம்.

மகள் ஆதிரா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கல்லூரியில் தத்துவம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

"சூப்பரா இருக்கும்மா. என்ன விசேஷம்? உன் பர்த்டே போயிட்டே."

"மாமா குடுத்து விட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். விசேஷம் என்னவென்று புடவையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் ஆண்டுத் திதி கழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

2

எங்கள் குடும்பத்தில் பெண்மக்கள் பிறந்த வீட்டுச் சொத்தில் தங்கள் பங்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது ஒரு சடங்கு மாதிரியே நடக்கும். எங்கள் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்பார்கள். ஆகவே அதற்குப் பெயர் ஒப்பு போடுதல். பதிவு அலுவலகத்தில் காரியம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்து, இலை போட்டு, பாயசத்தோடு சாப்பாடு. ஒப்பு போட்டவளுக்கு அண்ணன் தம்பிமார் புதுப்புடவை எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் அதட்ட மாட்டார்கள், யாரும் அழ மாட்டார்கள். அவ்வளவு அன்பாக நடக்கும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒப்பு போட்ட அன்று எனக்கு ஏழு வயது. மாம்பழ மஞ்சளில் புடவை. பந்தியில் அத்தைக்குத்தான் முதல் இலை. எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு முதல் இலை போட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் பின்னாலேயே போனேன். ஒரு வாளி தண்ணீர் இறைத்து, அதை அப்படியே முகத்தில் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி பாக்குக? மூஞ்சியில பாயசம் பட்டுட்டு" என்றாள்.

நான் நம்பினேன். அடுத்த பல நாட்கள் நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சிரட்டைக் கரியில் பெருவிரலைத் தோய்த்து வாழையிலையில் ஒப்பு போட்டு விளையாடினோம். ஒப்பு போடுகிறவளுக்கு மண்ணில் செய்த பாயசம். எனக்கு அந்த வேடம் வேண்டுமென்று சண்டையே போட்டிருக்கிறேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இரணியலுக்குப் போனேன். முதல் வருடத்திலேயே என் நாத்தனார் ஒப்பு போட்டாள். புது மருமகள் என்பதால் பந்தியில் பாயசம் விளம்பியது நான். அவள் இலையில் இரண்டாம் கரண்டி ஊற்றியதும் நான்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

3

மறுநாள் அண்ணன் அழைத்தான்.

"ஏட்டி, சேல கிட்டிச்சா? மயினி கண்டு எடுத்ததாக்கும். அந்தப் பேப்பர்ல ஒரு ஒப்பு போட்டு, எம்பசியில முத்திரை வச்சு அனுப்பு. இதுக்காண்டி நீ லீவு எடுத்து இம்புடு தூரம் வரண்டாம். உனக்குப் பதிலா மயினி ஆபீஸ்ல போடுவா."

மயினி என்றால் அண்ணனின் மனைவி ராஜம். அந்த நாலு பக்கம் அதற்குத்தான். என் சார்பில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க மயினிக்கு நான் தரும் அதிகாரம். அம்மை முன்பே போய்விட்டாள். அப்பா உயில் எழுதவில்லை. சட்டப்படி எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி.

"உனக்கென்ன மக்கா கொறவு. அப்பா நகை போட்டாரு, நர்சிங் படிக்க வச்சாரு. இந்த வீடு எப்பவும் உனக்க வீடுதான். மேக்கு முறி உனக்குண்டு, எப்ப வேணும்னாலும் வா."

"சரிண்ணா" என்றேன். மேற்கு அறையின் கட்டில், ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மரங்கள், ஆவணியில் வெயிலுக்கு ரப்பர்க்காய் படீர் படீரென்று வெடித்து ஓட்டில் விழும் சத்தம், எல்லாம் அந்த 'சரி'க்குள் இருந்தன. அண்ணன் கெட்டவனில்லை. அப்பா கிடப்பில் விழுந்த இரண்டு வருடமும் தூக்கி உட்கார வைத்தவன் அவன். நான் வீடியோவில் எட்டிப் பார்த்தவள்.

அந்த நாலு பக்கத்தை ஆதிரா எழுத்துக்கூட்டிப் படித்தாள். வழக்கமாகத் தமிழ்க் காகிதத்தைக் கண்டாலே அவளுக்குத் தலைவலி வரும்.

"அம்மா, 'யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனச் சம்மதத்தோடு'ன்னு இருக்கே. யாரும் கட்டாயப்படுத்தலைன்னா அதை ஏன் எழுதணும்?"

"ஆபரேஷனுக்கு முன்னால ஆஸ்பத்திரியில நாங்களும் அப்படி எழுதி வாங்குவோம்."

"ஆனா வேண்டாம்னு சொல்லவும் விடுவீங்கல்ல?"

விடுவோம். அதற்கென்று படிவத்தில் தனிக் கட்டமே உண்டு. இந்த நாலு பக்கத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. சோற்றை வடிக்கப் போனேன்.

அவள் விடவில்லை. அந்த வாரம் அவளுடைய கட்டுரைக்குத் தலைப்பு, அன்பால் கொடுத்த ஒன்று அநியாயமாக இருக்க முடியுமா என்பது. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் மருமக்கள்வழி இருந்ததாக எங்கோ வாசித்துவிட்டுத் துள்ளினாள். "நாம தாய்வழியாம்மா! அப்ப பொண்ணுங்க ராஜ்யம்தானே?" நான் சிரித்தேன். சொத்து மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும். சகோதரி நடுவில் இருப்பாள், தண்ணீர் போகிற குழாய் மாதிரி. குழாய்க்குத் தாகம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. சாவிக்கொத்து எப்போதும் ஆண்பிள்ளை இடுப்பில்தான்.

ஞாயம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எல்லைக்கல் நகர்ந்தால் ஞாயம் பேசுவார்கள். வழிப்பாதையை அடைத்தால் ஞாயம் பேசுவார்கள். பெண்கள் விஷயம் வந்தால் மட்டும் பேச்சே வேறு. பாசம், பெருந்தன்மை, நல்ல வளர்ப்பு. விட்டுக்கொடுத்தவள் நல்லவள். கேட்டவள் யார் என்பதற்கு எங்களிடம் சொல்லே இல்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

"என்னை உதாரணமா வச்சு எதையாவது எழுதின, பாத்துக்கோ" என்று மகளிடம் எரிந்து விழுந்தேன்.

"எழுத மாட்டேன். யோசிக்கலாம்ல?" என்றாள்.

4

தலைநகருக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். கிளிப்பச்சைப் புடவை அலமாரியில் இருந்தது. நான் கம்பளிக் கோட்டில் இருந்தேன். தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவள். என் பாஸ்போர்ட்டையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் நான் பகவதி முருகன். ஊர்க் காகிதத்தில் செ. பகவதி, தகப்பனார் பெயர் செல்லையா.

"இந்த இருவரும் ஒருவரே என்று உங்கள் ஊர் அதிகாரியிடமிருந்து சான்றிதழ் வேண்டும்" என்றாள்.

"இரண்டும் நான்தான்" என்றேன்.

"எனக்குப் புரிகிறது மேடம். காகிதத்துக்குப் புரிய வேண்டும்."

என் கணவரிடம் யாரும் இப்படியொரு சான்றிதழ் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து அவர் ஒரே முருகன்தான். திரும்பும் பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது. கொஞ்ச தூரத்தில் கோபம் கலைந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. வெளியே பச்சை மேடுகள், ஈரச் செம்மறிகள், மூடுபனி. கண்ணாடியில் தலை சாய்த்தேன். பக்கத்து இருக்கையில் செ. பகவதி இருந்தாள். ரெட்டைச் சடை, கையெல்லாம் ரப்பர்ப்பால் காய்ந்து ஒட்டிய பிசிறு. என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அவளை லேசாகத்தான் தெரிந்தது.

அவள் மடியில் பிளாஸ்டிக் சுருள் இருந்தது. எடவப்பாதி, அதாவது ஜூன் மாதப் பருவமழை, தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு ரப்பர் மரத்திலும், பால் வடிய வெட்டும் பட்டைக்கு மேலே பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி சுற்றிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் வழிந்து பாலில் கலந்துவிடும். அப்பா பசை தேய்ப்பார், நான் பிளாஸ்டிக்கைப் பிடிப்பேன், அண்ணன் கட்டுவான். இனி வெட்டப் பட்டை இல்லாத கிழட்டு மரம் வந்தால் அப்பா நின்று, "இதுக்குக் கட்டணுமா, விட்டுருவோமா?" என்று கேட்பார். அண்ணனிடம்தான் கேட்பார். பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிற என்னைத் தாண்டி அந்தக் கேள்வி போகும். ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு பதில் இருந்தது. ஒரு வருடமும் யாரும் கேட்கவில்லை.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் என் குடைதான் கிடந்தது.

5

சான்றிதழ் வாங்க வில்லேஜ் ஆபீசுக்கு மயினிதான் அலைந்தாள். அண்ணனுக்கு ரப்பர் வெட்டு வேலை. இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் என் சாப்பாட்டு இடைவேளையில், மயினியிடமிருந்து போன். தானாக அவள் என்னை அழைத்ததே இல்லை.

"மக்கா பகவதி, ஒனக்கு இப்ப சோலியா?"

"இல்ல மயினி, சொல்லுங்க. வீட்டுல எல்லாருக்கும் சொகந்தானே?"

"சொகந்தான். நான் வில்லேஜ் ஆபீஸ் பெஞ்சுல இருந்து பேசுகேன். ரெண்டு பகவதியும் ஒரே ஆளுதான்னு நான்தான் சாட்சி. எம்பேருல பட்டா, வீட்டு வரி ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னேன். அப்போ நீங்க யாருன்னு கேட்டாங்க."

பின்னால் யாரோ முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசமாச்சு. நானும் இதே மாதிரி ஒரு ஆபீஸ்ல ஒப்பு போட்டவதான். பொறந்த வீடு வேணும்னு போட்டேன். ரெண்டு வருசம் கூப்பிட்டாங்க. பொறவு அண்ணன்மாருக்கு என் ஓர்மையே இல்ல. இப்ப உனக்குப் பதிலா நான் போடணும். எனக்க சென்மத்துல சொத்துக்குன்னு ரெண்டே ரெண்டு ஒப்பு மக்கா. ரெண்டும் ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுக்க உள்ளது."

இருபத்தெட்டு வருடமாக அந்தத் தோட்டத்தில் பால் எடுத்தவள், ஷீட்டு அடித்தவள், என் அப்பாவுக்குக் கடைசிவரை கஞ்சி கொடுத்தவள். அவளிடம் அவர்கள் கேட்ட கேள்வி என்னிடம் கேட்டதைவிடப் பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுதிய மயினி?"

"ஒப்பு போடாத."

"உங்களுக்கு நட்டமாச்சே."

"தெரிஞ்சுதான் சொல்லுகேன். எனக்க மவனுக்குக் கொறையும். ஆனா அபியும் நான் பெத்ததுதானே? அவளுக்கு மாப்பிள பாக்குகோம். நாளைக்கு அவளட்டயும் பேப்பர நீட்டுவாங்க. 'அயர்லாண்டுல இருக்க அத்தையே போட்டா, உனக்கென்னட்டி'ன்னு உன்னக் காட்டித்தான் கேப்பாங்க. போடாத ஒருத்தி இந்தக் குடும்பத்துல உண்டுன்னு அவ காட்டுகதுக்கு ஒரு ஆளு வேணும்."

"அண்ணன் எங்கிட்ட பேசாம இருந்துட்டா?"

"அது எனக்குத் தெரியாது மக்கா." பிறகு, போனை வைக்கும்போது, "அந்தச் சேலைய உடுத்துக்கோ. ஒப்புக்குன்னு எடுக்கச் சொன்னது அவரு. உனக்குப் பச்ச பிடிக்கும்னு எடுத்தது நான்" என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் புடவையை உடுத்தேன். அபூர்வமாக வெயில் அடித்தது. சமையலறையில் கிளிப்பச்சைப் பட்டோடு நின்று அண்ணனை அழைத்தேன்.

"அண்ணா, நான் ஒப்பு போடல்ல."

"சர்ட்டிபிகேட் வந்திரும்ட்டி, மயினி எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா."

"அது இல்லண்ணா. எனக்கப் பங்கு எனக்கு வேணும்."

ஒரு காக்கை கத்தியது, அங்கே.

"மாப்பிள சொன்னாரா?"

"இல்ல."

"மவ சொன்னாளா? அவ என்னமோ படிக்காள்லா?"

"இல்லண்ணா. நான்தான் சொல்லுகேன்."

இதுதான் அவனுக்குப் புரியவில்லை. என் வாயில் வேறு யாரோ பேசுவதாகவே தேடினான். "உனக்கு என்னத்துக்குட்டி மரம்? நீயா வந்து வெட்டப் போற?"

"நீதான் வெட்டுவ. அத நான் மாத்தச் சொல்லல்ல. எனக்கும் உள்ளதுன்னு இருந்தா போரும்."

"அப்போ இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு மேக்கு முறியில வந்து கெடப்ப?" குரல் உடைந்திருந்தது. கோபத்தைவிட அதுதான் என்னைக் கொன்றது. போன் நின்றுவிட்டது.

அண்ணன் தினமும் காலையில் குடும்பக் குழுவில் ஒரு பூப்படம் போட்டு வணக்கம் சொல்வான். நானும் ஆதிராவும் அதைக் கேலி செய்வோம். அது நின்றது. அந்தப் பூக்களுக்காக இப்படி ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை. முதல் வாரம் காலையில் எழுந்ததும் குழுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் ஒரு மதியம் பேனாவைத் திறந்துகொண்டு அந்த நாலு பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தேவிட்டேன். பாசத்தை இழந்து ஞாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதைச் சுவரில் மாட்டவா? ஆதிரா எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கட்டுரைக்கு என்ன விடை எழுதினாள் என்று கேட்டேன். "இன்னும் முடிக்கலைம்மா" என்றாள். பேனாவை மூடினேன்.

அந்தச் சமயத்தில்தான் மயினி சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். 'பட்டாவுல பேரு ஏத்தணும்னாலும் இது வேணும், வச்சுக்கோ' என்று ஒரு வரி. செ. பகவதியும் பகவதி முருகனும் ஒருவரே. கீழே சாட்சி, ராஜம்மாள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக ஊன்றி எழுதியிருந்தாள். அவள் கையெழுத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மே கடைசி. முதியோர் வார்டில் மருந்துத் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை, எனக்கு மட்டும். அண்ணனின் குரல் செய்தி. இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு. கேட்கக் கை வரவில்லை. வேலை முடிந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

முதலில் மழைக்கு முந்திய காற்று. பிளாஸ்டிக் படபடக்கும் சத்தம். பிறகு அவன், முறைத்துக்கொண்டே பேசுகிற குரலில்:

"ஏட்டி, எடவப்பாதி வருது. தெக்கு வரியில ஒரு கெழட்டு மரம், உனக்கப் பாகத்துல நிக்கி. இதுக்குக் கட்டணுமா, விட்டுருவோமா?"

நாலைந்து தடவை கேட்டேன். பஸ் ஒன்று வந்து நின்று, நான் ஏறாததால் போய்விட்டது. தூறல் விழ ஆரம்பித்தது. எனக்கு எப்போதும் இருந்த பதிலை அழுத்தி எழுதினேன்.

"கட்டுண்ணா. மயினிட்டயும் ஒரு வார்த்த கேளு."

உடனே பதில் வந்தது.

"அவதான் உங்கிட்ட கேக்கச் சொன்னா."